புதிய பதிப்பும் பழைய பொதிகளும்: வரைபட மென்பொருளை மேம்படுத்தியபின் எழும் நிறுவல் பிழைகள்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியபோது, அதுவரை அந்நிலப்பரப்பைக் காட்டிவந்த எண்ணிம வரைபடங்கள் பலவும் ஒரே நாளில் பழையனவாயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய எல்லைக் கோப்புகளில் சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை ஆகிய அனைத்தும் விழுப்புரத்துக்குள் அடங்கியிருக்க, புதிய மாவட்டத்திலோ கல்வராயன்மலை தனி வட்டமாகவே அமைந்தது. மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்திலும் கிழக்குச் சரிவு கள்ளக்குறிச்சியிலும் இருப்பதால், கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியையோ மலையாளிப் பழங்குடியினரின் வன உரிமை நிலங்களையோ வரைபடமாக்க விரும்பும் ஆய்வு மாணவரும் தொண்டு நிறுவனத்தாரும் பழைய கோப்புகளையும் புதிய எல்லைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டியவர்களாகின்றனர். உரிமக் கட்டணம் இல்லாத கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இத்தகைய பணிகளுக்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதனைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய செருகுநிரல்களும் துணைப்பொதிகளும் நிறுவப்பட மறுத்துப் பிழைச் செய்தி காட்டுவதும் அதே அளவுக்குப் பரவலானதே.

இப்பிழைகள் பெரும்பாலும் மென்பொருள் கெட்டுவிட்டதால் எழுவன அல்ல. கியூஜிஐஎஸ் ஒற்றை மென்பொருள்போல் தோன்றினாலும், உண்மையில் அது வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு குழுக்களால் எழுதப்பட்ட பல நிரல்தொகுதிகளின் மேல் நிற்கும் கட்டுமானமாகும். அமெரிக்காவின் கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய இம்மென்பொருள், வரைபடக் கோப்புகளைப் படிக்க ஜிடால் என்னும் நிரல்தொகுதியை நம்புகிறது; ஃபிராங்க் வார்மர்டாம் 1998இல் எழுதத் தொடங்கிய அது இன்று இத்துறையின் ஏறத்தாழ எல்லா மென்பொருள்களுக்கும் பொதுச்சொத்து. உருண்டையான புவியின் ஓர் இடத்தைத் தட்டையான தாளில் எங்கே குறிப்பது என்ற கணக்கைச் செய்வது, அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் ஜெரால்டு எவெண்டன் உருவாக்கிய ப்ராஜ். கோடுகளும் பரப்புகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்று ஆராய்வது ஜியோஸ். திரையில் சாளரங்களையும் பொத்தான்களையும் வரைவது கியூட். செருகுநிரல்கள் எழுதப்படும் மொழி பைத்தான்.

இவ்வாறு ஒரு மென்பொருள் தான் இயங்குவதற்கு வேறொன்றை நம்பியிருப்பதைச் சார்பு என்றும், நிறுவுவதற்கு ஏற்றவாறு கட்டித் தரப்படும் மென்பொருள் தொகுப்பைப் பொதி என்றும் தமிழ்க் கணினியுலகம் வழங்குகிறது. ஒவ்வொரு பொதியும் தனக்கு எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்ற குறிப்பைத் தன்னுடனேயே சுமந்து வருகிறது. ஒரே வாய்க்காலை நம்பிய பல வயல்களில் ஒருவர் மட்டும் தம் தேவைக்கென மதகின் உயரத்தை மாற்றினால் மற்றவர் வயலுக்கு நீர் ஏறாமல் போவதைப்போல, பல மென்பொருள்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் ஒரு நிரல்தொகுதியின் பதிப்பை ஒரு மென்பொருளுக்காக உயர்த்தும்போது ஏனையவை நின்றுபோகின்றன. ஆகவே நிறுவல் பிழை என்பது பெரும்பாலும் இரு பொதிகளுக்கிடையே உள்ள பதிப்புப் பிணக்கு. எந்த இரண்டுக்கு இடையே என்பதைக் கண்டறிவதே பழுதுநீக்கலின் முக்கால் பங்கு வேலை.

கியூஜிஐஎஸ்ஸின் வரலாற்றில் இப்பிணக்கு பெரிய அளவில் வெளிப்பட்டது 2018 பிப்ரவரியில் 3.0 பதிப்பு வெளிவந்தபோது. அதுவரை பைத்தான் 2ஐயும் கியூட் 4ஐயும் நம்பியிருந்த மென்பொருள் அப்பதிப்பில் பைத்தான் 3க்கும் கியூட் 5க்கும் மாறியதால், பழைய செருகுநிரல்கள் அனைத்தும் திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தன. எழுதியவர் கைவிட்டுவிட்ட செருகுநிரல்கள் அத்துடன் மறைந்தன. கியூட் 6ஐ அடித்தளமாகக் கொள்ளும் 4 வரிசைப் பதிப்புகளுக்கான மாற்றமும் இதே இயல்புடையது. கியூட் 5ஐப் பெயர் சொல்லி நேரடியாக அழைக்கும் செருகுநிரல்கள் புதிய வரிசையில் ஏற்றப்படமாட்டா என்பதால், மாறுவதற்குமுன் தமக்கு இன்றியமையாத செருகுநிரல்கள் புதிய வரிசைக்கு ஆயத்தமாகிவிட்டனவா என்று அவற்றின் விவரக் குறிப்பில் பார்த்துக்கொள்வது பயனர் கடமை. ஒவ்வொரு செருகுநிரலின் கோப்புறையிலும் உள்ள விவரக் கோப்பு, அது எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புவரை இயங்கும் என்பதைத் தெரிவிக்கிறது. அக்கோப்பைத் திறந்து உச்சவரம்பு எண்ணை மட்டும் உயர்த்தி எழுதிவிட்டால் செருகுநிரல் பட்டியலில் தோன்றிவிடும் என்பது உண்மையே. தோன்றுவதும் இயங்குவதும் ஒன்றல்ல.

விண்டோஸ் கணினிகளில் பழுதின் ஊற்றுக்கண் பெரும்பாலும் பைத்தான்தான். கியூஜிஐஎஸ் தனக்கெனத் தனியாக ஒரு பைத்தானைத் தன் கோப்புறைக்குள்ளேயே கொண்டுவருகிறது. அதே கணினியில் பயனர் வேறு தேவைக்காக நிறுவிய பைத்தானும் இருக்கலாம். அனகோண்டா என்னும் பைத்தான் தொகுப்பு நிறுவப்பட்டிருந்தால் மூன்றாவதும் உண்டு. இந்நிலையில் கட்டளைச் சாளரமாகிய கருந்திரையைத் திறந்து பிப் என்னும் நிறுவல் கருவியை அழைப்பவர், அது எந்தப் பைத்தானின் பிப் என்று பாராமல் ஒரு பொதியை நிறுவினால், நிறுவல் வெற்றி என்ற செய்தி வரும். கியூஜிஐஎஸ்ஸோ அப்படியொரு பொதியே இல்லை என்று சாதிக்கும். இரண்டும் உண்மை பேசுகின்றன, இரண்டும் வெவ்வேறு வீட்டைப் பற்றிப் பேசுகின்றன என்பதே சிக்கல். கியூஜிஐஎஸ்ஸுடன் சேர்ந்தே நிறுவப்படும் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் தொடக்கப் பட்டியலிலிருந்து திறந்து, பிப்பைத் தனியாக அழைக்காமல் பைத்தானின் வழியாக அழைத்தால் பொதி உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஐயம் எழும்போது, கியூஜிஐஎஸ்ஸுக்குள் இருக்கும் பைத்தான் முனையத்தில் பதிப்பு எண்ணையும் அது பொதிகளைத் தேடும் பாதைகளின் பட்டியலையும் அச்சிட்டுப் பார்த்துவிடுவதே நேர்வழி.

மேம்படுத்தியவுடன் பொதிகள் மாயமாவதற்கும் இதே விளக்கம் பொருந்தும். பயனரின் தனிக் கோப்புறையில் பிப் நிறுவும் பொதிகள், பைத்தானின் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட உட்கோப்புறைக்குள் வைக்கப்படுகின்றன. கியூஜிஐஎஸ்ஸின் விண்டோஸ் வெளியீடுகள் பைத்தான் 3.9இலிருந்து 3.12க்கு நகர்ந்தபோது, 3.9க்கான கோப்புறையில் இருந்தவை அங்கேயே இருந்தன. புதிய பைத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவற்றை அப்படியே நகலெடுத்துப் புதிய கோப்புறையில் ஒட்டுவது சிலர் கையாளும் குறுக்குவழி. பைத்தானிலேயே முழுதும் எழுதப்பட்ட சிறு பொதிகள் அவ்வாறு ஒட்டினாலும் இயங்கக்கூடும்; ஆனால் நம்பை போன்று சி மொழியில் எழுதப்பட்டு இயந்திரக் குறிமுறையாக மாற்றப்பட்ட பொதிகள் ஒரு குறிப்பிட்ட பைத்தான் பதிப்புக்கெனவே கட்டப்பட்டவை என்பதால், அவற்றை ஒட்டுவது புதிய பிழைகளையே விளைவிக்கும்.

பைத்தான் 3.12 வேறொரு தொல்லையையும் உடன்கொண்டு வந்தது. பல்லாண்டுகளாகப் பைத்தானுடன் சேர்ந்தே வழங்கப்பட்டு, பொதிகளைக் கட்டுவதற்குப் பயன்பட்டுவந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் பகுதி 2023 அக்டோபரில் வெளியான அப்பதிப்பில் நீக்கப்பட்டது. இம்ப் என்னும் பழைய பகுதியும் உடன் போயிற்று. இவற்றை அழைக்கும் பழைய செருகுநிரல், டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பெயரில் பகுதி எதுவும் இல்லை என்று கூறி நின்றுவிடும். இச்செய்தியைக் கண்டவுடன் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பெயரில் ஒரு பொதியைத் தேடி நிறுவ முயல்வது வீண்முயற்சி. செட்அப்டூல்ஸ் என்னும் பொதியை நிறுவினால் அது பழைய பகுதிக்கு மாற்றாகச் செயல்பட்டுப் பல இடங்களில் சிக்கலைத் தீர்த்துவிடும். எனினும் அது தற்காலிக ஒட்டு மட்டுமே, செருகுநிரலைத் திருத்துவதே முறையான தீர்வு.

2024 ஜூனில் வெளியான நம்பை 2.0 உண்டாக்கிய குழப்பம் இதனினும் நுட்பமானது. நம்பை என்பது எண் அடுக்குகளைக் கையாளும் பொதி. மலையின் ஏற்ற இறக்கங்களைக் கட்டம் கட்டமாகப் பதிந்த உயரத் தரவைக் கணினி உண்மையில் ஓர் எண் அடுக்காகவே காண்கிறது. கல்வராயன் மலையின் உயரத் தரவு, நாசாவின் எஸ்ஆர்டிஎம் திட்டத்தில் வட அட்சம் 11, கிழக்குத் தீர்க்கம் 78 என்ற எண்களைத் தலைப்பாகக் கொண்ட ஓடு எனப்படும் ஒரே தரவுச் சதுரத்தில் பெரும்பாலும் அடங்கிவிட, உளுந்தூர்பேட்டைப் பக்கம் தீர்க்கம் 79க்குரிய அடுத்த ஓட்டில் விழுகிறது. இவ்விரு ஓடுகளையும் இணைத்து நீரோட்டப் பாதையைக் கணக்கிட ஜிடாலும் நம்பையும் கைகோக்க வேண்டும். நம்பையின் முதல் வரிசைக்கெனக் கட்டப்பட்ட பொதிகள் இரண்டாம் வரிசையுடன் இயங்கமாட்டா. ஏதோவொரு இயந்திரக் கற்றல் பொதியை நிறுவும்போது பிப் தானாகவே நம்பையைப் புதிய வரிசைக்கு உயர்த்திவிட, முதல் வரிசைக்கெனக் கட்டப்பட்ட ஜிடால் தன் அடுக்குப் பகுதியை ஏற்ற முடியாமல் தவிக்கும். பயனர் நிறுவியதோ வேறொன்று, நின்றுபோனதோ நீரோட்டக் கணக்கு. இரண்டுக்கும் தொடர்பு இருப்பது அவருக்குத் தோன்றுவதில்லை. பிப் தன் வேலையை முடிக்கும்போது எவற்றை நீக்கியது, எவற்றைப் புதிதாக இட்டது என்று அச்சிடும் இறுதி வரிகளைப் படித்திருந்தால் விடை அங்கேயே கிடைத்திருக்கும். நம்பை இரண்டுக்குக் கீழே இருக்கட்டும் என்ற வரம்பைக் கட்டளையிலேயே குறிப்பிட்டு மறுபடி நிறுவினால் பழைய நிலை திரும்பும்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் சந்திக்கும் பிழைகள் சற்றே வேறு வகையின. உபுண்டு 22.04 தன் சொந்தக் களஞ்சியத்தில் கியூஜிஐஎஸ் 3.22ஐயும், 24.04 தன் களஞ்சியத்தில் 3.34ஐயும் வழங்குகின்றன; களஞ்சியம் என்பது பொதிகள் இணையத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் இடம். இவற்றைவிடப் புதிய பதிப்பு வேண்டுவோர் கியூஜிஐஎஸ் திட்டமே நடத்தும் களஞ்சியத்தைத் தம் கணினியில் சேர்த்துக்கொள்கின்றனர். பின்னர் இயங்குதளத்தையே 22.04இலிருந்து 24.04க்கு உயர்த்தும்போது, உபுண்டு பிறர் களஞ்சியங்களை எல்லாம் எச்சரிக்கையாக முடக்கி வைத்துவிடுகிறது. விளைவாக, 22.04இன் நிரல்தொகுதிகளுக்கெனக் கட்டப்பட்ட கியூஜிஐஎஸ் 24.04இன் மேல் தொங்கிக்கொண்டிருக்க, அடுத்தமுறை எதை நிறுவ முயன்றாலும் நிறைவேறாத சார்புகள் இருக்கின்றன என்ற செய்தியே திரும்பத் திரும்ப வரும். களஞ்சியக் கோப்பில் பழைய பதிப்பின் குறிப்பெயரான ஜாமி என்பதை நோபிள் என்று மாற்றி, களஞ்சியத்தை மீண்டும் இயக்கி, கியூஜிஐஎஸ்ஸையும் அதன் பைத்தான் பொதியையும் கிராஸ் என்னும் வேறொரு வரைபட மென்பொருளுடன் இணைக்கும் செருகுநிரலையும் ஒருசேர நீக்கிவிட்டு, பட்டியலைப் புதுப்பித்து மறுபடி நிறுவுவது இதற்கான தீர்வு. கிராஸ் செருகுநிரலை மட்டும் விட்டுவைப்பவர்கள் பலர்; அது குறிப்பிட்ட ஒரு கிராஸ் பதிப்போடு கட்டுண்டது என்பதால் அந்த ஒரு பொதியே முழு மேம்படுத்தலையும் தடுத்து நிறுத்தப் போதுமானது. களஞ்சியத்தின் கையொப்பச் சாவி காலாவதியாகிவிட்டதால் எழும் பிழையும் உண்டு; பொதிகள் இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு அச்சாவியே சான்று. ஆதலால் சரிபார்ப்பையே அணைத்துவைக்கும்படி கூறும் அறிவுரையைப் புறந்தள்ளி, திட்டத்தின் தளத்திலிருந்து புதிய சாவியைப் பெற்று இடுவதே முறை.

அண்மைக்கால உபுண்டு, டெபியன் பதிப்புகளில் பிப்பை நேரடியாக அழைத்தால், இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று கூறி அது மறுத்துவிடுகிறது. இயங்குதளமே தன் பல வேலைகளுக்குப் பைத்தானை நம்பியிருப்பதால், பயனர் தெரியாமல் அதன் அடித்தளத்தைக் கலைத்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை இது. மறுப்பை மீறி நிறுவுவதற்கான ஒரு கட்டளைத் தெரிவு உண்டு. கணினியின் பொதிகள் உடைந்தாலும் சரி என்று அதன் பெயரே ஒளிவுமறைவின்றிச் சொல்லியும், அதை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து ஒட்டுவோர் குறையவில்லை. இயங்குதளத்தின் பொதிகளையும் பார்க்க அனுமதிக்கும் மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்கி, புதிய பொதிகளை அதற்குள் மட்டும் நிறுவுவது பாதுகாப்பானது; அச்சூழல் கெட்டால் ஒரு கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

இதுவரை கூறப்பட்டவை யாவும் உரக்கக் கத்தி வேலையை நிறுத்தும் பிழைகள். வரைபடப் பணியில் இவற்றைவிட ஆபத்தானது, வேலையை நிறுத்தாமல் விடையை மட்டும் பிழையாக்கும் வகை. ப்ராஜ் தொடர்பான பிழை அத்தகையது. 2019இல் வெளியான ப்ராஜ் 6ஆம் பதிப்பு, அதுவரை உரைக் கோப்புகளில் இருந்த ஆயத்தொலை அமைப்புகளின் விவரங்களை ஒரே தரவுத்தளக் கோப்புக்கு மாற்றியது. விண்டோஸ் கணினியில் போஸ்ட்கிரேஸ் தரவுத்தளத்தையும் அதன் புவியியல் நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ்ஸையும் நிறுவும்போது, ப்ராஜின் தரவுத்தளம் தன் கோப்புறையில் இருப்பதாகக் கணினி முழுமைக்கும் அறிவிக்கும் ஒரு சூழல் மாறியும் அமைக்கப்பட்டுவிடுவதுண்டு. பயனர் அதை மறந்துவிடுவார். அதன்பின் பைத்தான் வழியாக இயங்கும் வரைபடப் பொதிகள் தம்முடன் வந்த தரவுத்தளத்தை விட்டுவிட்டு அந்தப் பழைய கோப்பைத் திறந்து, அதன் அமைப்பு எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதாகவும், அது வேறொரு ப்ராஜ் நிறுவலைச் சேர்ந்தது என்றும் முறையிடும். இச்செய்தி தன் நோய்க்குத் தானே மருந்து சொல்லும் அரிய வகையைச் சேர்ந்தது. கணினி அமைப்புகளில் ப்ராஜ்_லிப் என்ற மாறியையும், 9.1ஆம் பதிப்பு முதல் வழக்கத்துக்கு வந்த ப்ராஜ்_டேட்டா என்ற மாறியையும் தேடி நீக்கிவிட்டு மென்பொருளை மறுபடி திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதைச் சரிசெய்யாமல் தொடர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் கல்வராயன் மலையே தகுந்த எடுத்துக்காட்டு. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படத் தாள்கள், 1802இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிவைத்த பெரும் முக்கோண அளவையின் வழிவந்தவை. அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்னும் புவி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியும் ஜிபிஎஸ் கருவியும் தருவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்னும் வேறொரு புவி வடிவத்தின்படியான எண்கள். ஒரே பாறையின் அட்சமும் தீர்க்கமும் இவ்விரண்டிலும் வேறுவேறாக இருக்கும்; தமிழகத்தின் இப்பகுதியில் அவ்வேறுபாடு நூறு மீட்டருக்கும் மேற்பட்டது. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றியபோதிலும், கல்லூரி நூலகங்களிலும் அலுவலக அலமாரிகளிலும் பழைய தாள்களே இன்னும் கிடக்கின்றன. அத்தாளை ஒளிவருடி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை அருகே ஜிபிஎஸ் கொண்டு அளந்த நிலப்புள்ளிகளை அதன்மேல் இட்டுப் பார்ப்பவருக்கு, இரண்டுக்குமான உருமாற்றத்தை ப்ராஜ் செய்து தர வேண்டும். தரவுத்தளம் கிடைக்காமல் அடுக்கின் ஆயத்தொலை அமைப்பு தொலைந்துவிட்டாலோ, ஏற்ற உருமாற்றம் கிடைக்காமல் ப்ராஜ் உத்தேச உருமாற்றம் ஒன்றைத் தேர்ந்துகொண்டாலோ, இரு அடுக்குகளும் பாகைக் கணக்கிலேயே இருப்பதால் படம் மிக இயல்பாகத் தோன்றும். நிலம் மட்டும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும்.

வன உரிமைச் சட்டம் 2006இன்படி ஒரு குடும்பத்துக்கு ஏற்கப்படக்கூடிய பயிர்நிலத்தின் உச்சவரம்பு 4 ஹெக்டேர். சதுரமாக எண்ணினால் அது 200 மீட்டருக்கு 200 மீட்டர். அச்சதுரம் ஒரு பக்கமாக 100 மீட்டர் நகர்ந்தால் அதன் பாதி, வேறொருவர் நிலத்தின் மீதோ காப்புக்காட்டின் மீதோ விழும். பரப்பளவு சிறிதும் மாறாததால் கணக்கைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கும் இப்பிழை தட்டுப்படாது. மேம்படுத்தலுக்குப் பின் படம் திறக்கிறது என்பதைக் கொண்டு எல்லாம் சரி என்று முடிவுசெய்வது ஏன் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது. கோமுகி அணையின் கரை முனையையோ கரியாலூர் ஏரிக்கரையின் வளைவையோ போன்று தரையில் ஐயத்துக்கிடமின்றி அடையாளம் காணக்கூடிய சில புள்ளிகளை முன்னரே குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பின்னும் அவை அதே இடத்தில் விழுகின்றனவா என்று ஒத்துப் பார்ப்பது சில நிமிட வேலை. மீட்டர் கணக்கில் அளக்க விரும்புவோர் யூடிஎம் என்னும் ஆயத்தொலை முறையின் மண்டலத்தையும் சேர்த்துச் சரிபார்க்கலாம். 78 பாகைத் தீர்க்கரேகை சேலம், தருமபுரி மாவட்டங்களின் மேற்குப் பகுதி வழியே சென்று 43, 44ஆம் மண்டலங்களைப் பிரிப்பதால், அதற்குக் கிழக்கே அமைந்த கல்வராயன் மலை 44 வடக்கு மண்டலத்தில் அடங்குகிறது; ஆயத்தொலை அமைப்புகளை அடையாளம் காட்டும் ஈபிஎஸ்ஜி பட்டியலில் அதன் குறியெண் 32644.

ஆர் மொழியில் ஆய்வு செய்யும் மாணவர்களின் நிலை தனி. ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் ஆகிய மூன்று பழம்பெரும் பொதிகள் 2023 அக்டோபரில் பணி ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றை நிறுவக் கோரும் பழைய ஆய்வேட்டு நிரல்கள் இந்தப் பதிப்புக்கு அப்பொதி கிடைக்கவில்லை என்ற பதிலையே பெறும். எஸ்எஃப், டெர்ரா ஆகிய புதிய பொதிகளுக்கு நிரலை மாற்றி எழுதுவதன்றி இதற்கு வேறு நீண்டகால வழியில்லை. இதே போல, கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே இயங்கிவந்த சாகா என்னும் பகுப்பாய்வுக் கருவிகளும் 3 வரிசைப் பதிப்புகளின் போக்கில் மைய மென்பொருளிலிருந்து விலக்கப்பட்டுத் தனிச் செருகுநிரலாயின.

கணினியின் வயதும் ஒரு காரணமாவதுண்டு. பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7இல் இயங்காது, கியூஜிஐஎஸ் 3.20 முதல் 32 பிட் விண்டோஸுக்கான நிறுவிகள் வெளியிடப்படுவதில்லை. பழைய மடிக்கணினியில் நிறுவல் தொடக்கத்திலேயே நின்றுபோனால், சார்புகளைத் துருவுவதற்குமுன் இவ்விரண்டையும் பார்த்துவிடலாம். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களின் கோப்புறைப் பாதையிலும் தமிழ் எழுத்துகள் இடம்பெறுவதால், ஆங்கில எழுத்துகளை மட்டுமே எதிர்பார்த்து எழுதப்பட்ட சில பொதிகள் அங்கே தடுமாறும். பிழை பொதியினுடையதே எனினும், அது திருத்தப்படும்வரை ஆங்கிலப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்துகொள்வதைத் தவிர வழியில்லை.

மலைப்பகுதிகளுக்கு உரிய வேறொரு காரணம் இணைய இணைப்பு. கைப்பேசி அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுள்ள பொதிகளை இறக்கும்போது, பாதியில் அறுபட்ட கோப்பு முழுக் கோப்பாகக் கருதப்பட்டு நிறுவலுக்கு வரும். பொதியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் என்னும் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்ற செய்தி அப்போது எழும். இது பதிப்புப் பிணக்கு அன்று. தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு மீண்டும் இறக்கினால் தீர்ந்துவிடும். களப்பணிக்குச் செல்வோர், நிறுவும்போதே இணையத்திலிருந்து பகுதி பகுதியாகப் பெறும் வலை நிறுவியை நம்பாமல், கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ நல்ல இணைப்பு உள்ள இடத்தில் முழு நிறுவிக் கோப்பையும் தேவையான பைத்தான் பொதிகளின் வீல் எனப்படும் நிறுவல் கோப்புகளையும் இறக்கி, பென்டிரைவில் எடுத்துச் செல்வது நல்லது. இணையத்தை நாடாமல் குறிப்பிட்ட கோப்புறையிலிருந்தே நிறுவுமாறு பிப்புக்கு ஆணையிட முடியும்.

பிழைச் செய்தியை வாசிக்கும் முறையும் கற்றுக்கொள்ளத்தக்கது. திரை நிறையச் சிவப்பு வரிகளைக் கண்டதும் மென்பொருளை முழுதும் நீக்கி மறுபடி நிறுவுவது பரவலான வழக்கம். ஆனால் பயனர் கோப்புறையிலுள்ள சுயவிவரமும் பிப் நிறுவிய பொதிகளும் சூழல் மாறிகளும் அந்நீக்கத்தால் தொடப்படுவதில்லை ஆதலால், நோய் அப்படியே எஞ்சிவிடுகிறது. பைத்தான் தரும் நீண்ட செய்தியில் கடைசி வரி என்ன நேர்ந்தது என்பதையும், அதற்கு மேலுள்ள கோப்புப் பாதைகள் எங்கே நேர்ந்தது என்பதையும் கூறுகின்றன. லினக்ஸின் பொதி மேலாளர் தரும் செய்தியில் எந்தப் பொதி எந்தப் பதிப்பை எதிர்பார்க்கிறது என்பது அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டிருக்கும். கோளாறு மென்பொருளிலா, பயனரின் அமைப்புகளிலா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு: கியூஜிஐஎஸ்ஸின் அமைப்புப் பட்டியலில் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கித் திறந்தால், அதில் பழைய செருகுநிரல் எதுவும் இராது, அங்கே எல்லாம் ஒழுங்காக இயங்கினால் குற்றவாளி பழைய சுயவிவரத்துக்குள் இருக்கிறது. அதன்பின் செருகுநிரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.

ஜிடாலை மட்டும் பிப் வழியாக நிறுவ முற்படாமலிருப்பது பெரும்பாலான சிக்கல்களைத் தவிர்க்கும். கணினியில் உள்ள ஜிடால் நிரல்தொகுதியின் பதிப்பும் பைத்தான் பொதியின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் சி++ மூலநிரலிலிருந்து கட்டியெடுக்கும் கருவிகள் கணினியில் இருந்தாக வேண்டும். இவ்வளவையும் தனியொருவர் செய்வதைவிட, கோண்டா ஃபோர்ஜ் களஞ்சியம் ஜிடால், ப்ராஜ், கியூஜிஐஎஸ் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு கட்டித் தருவதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அல்லது கியூஜிஐஎஸ்ஸோடு வந்ததையே பயன்படுத்தலாம்.

மாவட்ட அளவிலான பணிகளுக்குப் புதுமையைவிட நிலைத்தன்மையே முதன்மை. கியூஜிஐஎஸ் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிட்டாலும், ஆண்டுக்கு ஒன்றை நீண்டகால ஆதரவுப் பதிப்பாக அறிவித்து, அதற்குப் பிழைதிருத்தங்களை மட்டும் தொடர்ந்து வழங்குகிறது. பல மாதங்கள் நீளும் ஒரு நீர்வடிப்பகுதி ஆய்வையோ வன உரிமை அளவையையோ மேற்கொள்வோர் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே தேர்ந்து, பணி முடியும்வரை அடுத்த வரிசைக்கு மாறாதிருப்பதே தக்கது. மாறியாக வேண்டிய நிலை வந்தால், விண்டோஸில் இரு பதிப்புகளை அருகருகே வைத்திருக்க முடியும் என்பதால், புதியது பழைய படத்தையே பிழையின்றித் தருகிறது என்று உறுதியாகும்வரை பழையதை நீக்க வேண்டியதில்லை. மாறுவதற்கு முன்னர், கியூஜிஐஎஸ்ஸின் உதவிப் பட்டியலில் உள்ள அறிமுகச் சாளரத்தைத் திறந்து, அங்கே காணப்படும் கியூட், பைத்தான், ஜிடால், ப்ராஜ், ஜியோஸ் பதிப்பு எண்களையும், பிப் தரும் பொதிப் பட்டியலையும் ஓர் உரைக் கோப்பில் சேமித்து, ஆய்வுத் தரவு இருக்கும் அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள். பழுதுநீக்க உதவுவோர் முதலில் கேட்பதும் அப்பட்டியலைத்தான்.